கலப்பையிலிருந்து கோட்டை வரை: பேஸ்டன் குடும்பத்தைத் தேடி நார்ஃபோக்கில்

திங்கள், நார்விச்

இங்கிலாந்தின் பழைய நிலவுடைமைக் குடும்பங்களில் ஒன்றின் வம்சாவளியைத் தேடிப் போகவேண்டும் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது பேஸ்டன் குடும்பம்தான். இன்றும் மாளிகையில் வாழ்ந்துகொண்டு, வாசலில் நுழைவுச்சீட்டு விற்கும் குடும்பம் இல்லை அது. 1732-இல் இரண்டாம் யார்மத் பிரபு ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததோடு தலைமக்கள் வழி அற்றுவிட்டது. ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களும் கணக்குத் தாள்களும் உயில்களுமாக ஆயிரத்துக்கும் மேல் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்து ஆங்கிலக் குடும்பம் ஒன்றின் குரலை இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் கேட்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் குடும்பத்துக்கு இரண்டு பூர்விகக் கதைகள் இருக்கின்றன. இரண்டும் எழுத்தில் உள்ளவை, இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை, ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

முதலாவது, 1466 ஜூலையில் நான்காம் எட்வர்ட் அரசர் ஏற்றுக்கொண்ட கதை. பேஸ்டன்களின் மூதாதை உல்ஸ்டன் என்பவர் பிரான்சிலிருந்து வந்தார். ப்ரோம்ஹோம் மடத்தை நிறுவிய வில்லியம் டி கிளான்வில்லுக்கு அவர் உறவினர். நார்மன் படையெடுப்புக் காலம் முதல் இந்தக் குடும்பம் சொந்த மேனரும் (பிரபுவின் நிலப்பண்ணை) அதில் நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்களும் வைத்திருந்த கண்ணியமான குடும்பம்.

இரண்டாவது, பெயர் போடாத எதிரி ஒருவர் எழுதிவைத்த குறிப்பு. கிளெமென்ட் பேஸ்டன் ஒரு சாதாரண உழவர். கோடை, குளிர் என்று பாராமல் கலப்பை பிடித்தவர். பார்லி விதைக்கும் பருவத்தில் மட்டும் இரண்டு ஏர். சேணமில்லாத குதிரையின் வெறும் முதுகில் தானிய மூட்டையைப் போட்டு, அதன்மேல் தானும் உட்கார்ந்து ஆலைக்குப் போவார். மாவோடு அதேபோலத் திரும்புவார். விளைந்ததை வண்டியில் ஏற்றிக் கடலோரமாக விண்டர்டனுக்கு ஓட்டிப்போய் விற்பார். மொத்த நிலம் 100 முதல் 120 ஏக்கர். அதிலும் பெரும்பகுதி கிமிங்ஹம் மேனருக்குக் கட்டுப்பட்டது. மனைவி ஒரு பண்ணையாள் வீட்டுப் பெண். மகன் வில்லியமைப் பள்ளிக்கு அனுப்பக் கடன் வாங்கினார். மைத்துனர் ஜெஃப்ரி சோமர்டன் என்ற வழக்கறிஞரும் கைகொடுத்தார்.

அவமானப்படுத்த எழுதிய வரிகள்தான். ஆனாலும் ஒருவர் குதிரையில் எப்படி உட்கார்ந்து போனார் என்பதுவரை தெரிந்த ஆள் எழுதியவை. எனக்கு இந்தக் கிளெமென்ட்மேல் மரியாதை. உல்ஸ்டன் யாரென்று யாருக்கும் தெரியாது.

இன்று காலை மார்டினோ லேனில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் கழிந்தது. உள்ளே பென்சில் மட்டுமே அனுமதி. தோல் சுருள்களை நுரைத் தாங்கியில் வைத்துத்தான் விரிக்க வேண்டும். அனுபவத்துக்காக ஒரு மேனர் நீதிமன்றச் சுருளைக் கேட்டு வாங்கினேன். சுருக்கெழுத்து லத்தீனில் வரிசையாக: இன்னார் இறந்தார், அவர் மகன் வந்து நிலத்துக்குத் தன் பெயரைப் பதிந்துகொண்டார், கட்டணம் இவ்வளவு. தேவாலயங்களில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று தாமஸ் க்ராம்வெல் ஆணையிட்டது 1538-இல்தான். அதற்கு முன்னால் வாழ்ந்த எளியவர்களைத் தேட இந்தச் சுருள்களை விட்டால் அதிகம் வழியில்லை.

நிலம் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் அதிகாரி வருவார். உள்ளூர் ஆட்கள் சத்தியம் செய்து, இறந்தவருக்கு என்ன நிலம், இறந்த தேதி என்ன, வாரிசு யார், வாரிசுக்கு வயது என்ன என்று சொல்வார்கள். வயது எதற்கு என்றால், வாரிசு சிறுவனாக இருந்தால் நிலமும் அவன் திருமண உரிமையும் அரசர் கைக்குப் போகும். நிலம் கைமாறும்போது செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இன்னொரு தடம். ஒரே தோலில் மூன்று முறை எழுதி, வளைவு வளைவாக வெட்டி, ஆளுக்கு ஒன்று கொடுத்து, மூன்றாவதை நீதிமன்றமே வைத்துக்கொண்டது. 1195 முதல் 1834 வரை இப்படி நடந்திருக்கிறது. பொய்ப் பிரதி கொண்டுவந்தால் வெட்டு பொருந்தாது.

ஆக, ஆங்கிலேயக் குடும்பங்களின் வம்சாவளி பெரும்பாலும் நிலத்துக்காக எழுதப்பட்டது. யாருக்கு நிலம் போகவில்லையோ அவர் அதில் மங்கலாகத் தெரிவார், அல்லது தெரியவே மாட்டார். இந்த வாரம் முழுக்க எனக்கு இது நினைவில் இருக்க வேண்டும்.

மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இங்கே நார்மன் டேவிஸ் 1971-இலும் 1976-இலும் வெளியிட்ட பதிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளெமென்ட்டின் பேரன் ஜானின் மனைவி மார்கரெட் பேஸ்டன் 1448-இல் லண்டனில் இருந்த கணவருக்கு எழுதியதை மறுபடி படித்தேன். பேஸ்டன்களின் கிரெஷம் மேனரை மொலைன்ஸ் பிரபுவின் ஆட்கள் பிடித்துக்கொண்ட சமயம். வீடுகளின் கூரை தாழ்வாக இருப்பதால் நெடுவில் இழுக்க முடியாது, குறுக்குவில்லும் அம்பும் போர்க்கோடரியும் வாங்கி அனுப்புங்கள் என்கிறார். அதே கடிதத்தில் ஒரு பவுண்டு பாதாம், ஒரு பவுண்டு சர்க்கரை, பிள்ளைகளுக்கு அங்கி தைக்கக் கம்பளித் துணி. வீடு என்றால் இவை எல்லாம்தான் என்று தெரிந்த பெண் அவர். 1450 ஜனவரியில் ஒரு பெரும் கும்பல் வந்து, அவர் இருந்த அறையின் சுவரையே தோண்டி அவரை வெளியே தூக்கிப்போட்டது.

மாலையில் எல்ம் ஹில். கல் பாவிய சரிவான தெரு. பேஸ்டன்களின் நகர வீடு இங்கேதான் இருந்தது. 1507 தீயில் தெருவோடு எரிந்துபோனது. தப்பியது பிரிட்டன்ஸ் ஆர்ம்ஸ் என்ற ஓலைக்கூரைக் கட்டடம் ஒன்றுதான். அதையொட்டியே செயின்ட் பீட்டர் ஹங்கேட் தேவாலயம். ஜானும் மார்கரெட்டும் 1458-இல் அதன் உரிமையை வாங்கிப் புதுப்பித்தார்கள். வடக்கு வாசல் பக்கம் ஒரு முட்டுச்சுவரில் 1460 என்ற ஆண்டும், பட்டுப்போன ஓக் மரத்தின் அடியிலிருந்து புதுக்கிளை விடுவதுபோல ஒரு செதுக்கலும் உண்டு. மிகவும் தேய்ந்திருக்கிறது, தெரிந்து தேடினால்தான் கண்ணில் படும்.

செவ்வாய், பேஸ்டன் கிராமம்

நார்விச்சிலிருந்து பிட்டர்ன் ரயில் பாதையில் நார்த் வால்ஷம். அங்கே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்தேன். வழியெல்லாம் பார்லி. கதிர் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. கிளெமென்ட் இரண்டாவது ஏர் பூட்டியதும் இதே பயிருக்காகத்தான்.

உழவர் மகன் நீதிபதியானது தனி மனிதத் திறமையால் மட்டும் நடந்தது இல்லை. 1349-இல் வந்த கொள்ளைநோய் நார்ஃபோக்கில் ஊர் ஊராக ஆட்களைக் கொண்டுபோனது. ஆள் குறைந்தது, நிலம் மிஞ்சியது, கூலி ஏறியது. கையில் ஏரும் துணிச்சலும் இருந்தவர்கள் பக்கத்து நிலத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய கட்டுகளைத் தூக்கி எறியவே பார்த்தவர்களும் உண்டு. 1381 உழவர் எழுச்சியில் நார்ஃபோக் கலகக்காரர்களை நார்விச் பேராயர் டெஸ்பென்சர் தானே படை நடத்தி அடக்கியது நான் ரயிலிலிருந்து இறங்கிய அதே நார்த் வால்ஷத்தில். அப்போது கிளெமென்ட்டின் மகன் வில்லியமுக்கு வயது மூன்று. அந்தக் குழந்தைதான் 1429-இல் பொது வழக்குகள் மன்றத்தின் நீதிபதி ஆனது.

பேஸ்டன் மிகச் சிறிய ஊர். ஊருக்குள் நுழையும் முன்பே பேக்டன் எரிவாயு நிலையத்தின் வேலியும் குழாய்களும் தெரிகின்றன. 1960-களின் கடைசியிலிருந்து வட கடல் எரிவாயு இங்கேதான் கரையேறுகிறது. செயின்ட் மார்கரெட் தேவாலயம் ஓலைக்கூரையோடு சாலையோரம் நிற்கிறது. உள்ளே வடக்குச் சுவரில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் கிறிஸ்டோபர், மங்கிய காவி நிறத்தில்.

1419-இல் கிளெமென்ட் எழுதிய உயிலில், இந்தத் தேவாலயத்தின் வடக்கு வாசலுக்கும் தன் மனைவி பியாட்ரிஸின் கல்லறைக்கும் நடுவே தன்னைப் புதைக்கச் சொல்லியிருக்கிறார். இன்று அவர் பெயரில் அங்கே ஒரு கல்லும் இல்லை. வடக்கு வாசலுக்கு உள்பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். பண்ணையாள் வீட்டுப் பெண் என்று எதிரி ஏளனம் செய்த அதே பியாட்ரிஸ். அவள் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று அந்த மனிதர் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் குடும்பத்தின் தொடக்கம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கிழக்குப் பக்கம் போனால் வேறு உலகம். 1629-இல் இறந்த கேத்தரின் பேஸ்டனுக்கு நிக்கோலஸ் ஸ்டோன் செதுக்கிய பெரிய நினைவுச்சின்னம். பளிங்கில் கைமேல் சாய்ந்து படுத்திருக்கிறார். கழுத்துப்பட்டையின் சரிகை வரை தெரிகிறது. ஸ்டோனின் கணக்கேட்டில் அதற்கு 340 பவுண்டு கூலி என்றும், பேஸ்டனில் தன்னை மிகவும் உபசரித்தார்கள் என்றும் இருக்கிறது. பக்கத்தில் கணவர் எட்மண்டுக்குச் சிறியது ஒன்று. இருநூறு ஆண்டு இடைவெளியில் பெயர் எழுதாத தரையிலிருந்து 340 பவுண்டு பளிங்கு வரை, ஒரே கூரைக்குக் கீழ்.

சாவி வைத்திருந்த பெண்மணி நான் எதைத் தேடி வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். "எல்லாரும் கடிதங்களைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்கள் உழவரைக் கேட்கிறீர்கள்" என்றார். பிறகு வெளியே கூட்டிப்போய் சாலை வளைவைக் காட்டினார். நீதிபதி வில்லியம் தன் வீட்டை விரிவாக்குவதற்காகத் தேவாலயத்தை ஒட்டிய பாதையைத் திருப்பிவிட 1443-இல் அரச அனுமதி வாங்கினார். அடுத்த ஆண்டே அவர் இறந்தார். மனைவி ஆக்னஸ் அங்கே சுவர் எழுப்ப, ஊர்க்காரர்கள் இடித்துத் தள்ளினார்கள். தேவாலயத்துக்குள்ளேயே தன்னோடு வாதாடினார்கள் என்று ஆக்னஸ் மகனுக்கு எழுதுகிறார். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நேற்றுவரை தங்களோடு ஏர் ஓட்டியவரின் பேரன்கள் இன்று ஊர்ப் பாதையை அடைத்தால் யார்தான் பொறுப்பார்கள்?

தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளிப் பெரிய களஞ்சியம். 1581-இல் சர் வில்லியம் பேஸ்டன் கட்டியது, ஏறத்தாழ 70 மீட்டர் நீளம், ஓலைக்கூரை. கட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. அதன் உத்தரங்களில் பார்பாஸ்டெல் என்ற அரிய வகை வௌவால்கள் குட்டி வளர்ப்பதால் கட்டடம் பாதுகாக்கப்பட்டது. உள்ளே போக முடியவில்லை.

பிறகு பேக்டன் வழியாக ப்ரோம்ஹோம் மடத்தின் இடிபாடுகள். தனியார் பண்ணைக்குள் இருப்பதால் சாலையிலிருந்து வாயிற்கட்டடத்தை மட்டும் பார்த்தேன். 1113-இல் தொடங்கிய மடம். ஏசுவின் சிலுவைத் துண்டு என்று நம்பப்பட்ட மரத்தால் புகழ் பெற்று, ஆங்கிலக் கவி சாசரின் கதையில் ஒரு பாத்திரம் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு வளர்ந்தது. 1466 மே மாதம் லண்டனில் இறந்த ஜான் பேஸ்டனை ஊர்வலமாகக் கொண்டுவந்து இங்கே புதைத்தார்கள். கணக்கு முழுவதும் கிடைத்திருக்கிறது. தீப்பந்தப் புகை தாங்காமல் ஜன்னல் கண்ணாடி இரண்டைக் கழற்றிப் பிறகு மறுபடி ஈயம் வைத்துப் பொருத்தியதற்கு 20 பென்னி. துறவிகளுக்கும் ஆட்களுக்கும் முடிதிருத்த ஒரு நாவிதருக்கு ஐந்து நாள் வேலை.

இவ்வளவு பெரிய சாவு ஏன் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1465-இல் எதிரிகள் ஜானை அரசரின் பண்ணையாள் என்று குற்றம் சாட்டினார்கள். கிமிங்ஹம் லங்காஸ்டர் பிரபுத்துவத்துக்கு உரியது; அது அரசருக்கு உரியது. பண்ணையாளுக்குச் சட்டப்படி சொந்தச் சொத்து இல்லை. எனவே தாத்தா கட்டுப்பட்டவர் என்று நிரூபித்தால் பேரனின் கோட்டைகள் எல்லாம் போகும். ஜான் ஃப்ளீட் சிறையில் கிடந்தார். அவர் இறந்து இரண்டு மாதத்தில்தான் பேஸ்டன்கள் கண்ணியமான குடும்பம் என்ற அரசரின் முடிவு வந்தது. அந்தப் பொய் வம்சாவளி பெருமைக்காகப் பிறந்தது இல்லை, பிழைப்பதற்காகப் பிறந்தது. அதனால் அதைச் செய்தவர்களை என்னால் வெறுக்க முடியவில்லை. ஆனாலும் அதில் கிளெமென்ட்டின் கலப்பை மறைந்துபோனதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களில் 'டி பேஸ்டன்' என்ற பெயர்கள் கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். பேஸ்டன் ஊர்க்காரர் யாரும் வெளியே போனால் அப்படித்தான் அழைக்கப்படுவார். ஊர்ப் பெயர் ஒன்றானதால் ரத்தம் ஒன்றாகிவிடாது. இடையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் உயிலோ நிலப்பதிவோ வேண்டும். கிளெமென்ட்டுக்கு மேலே அப்படி ஒன்று இல்லை. நான் அவரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புதன், நார்த் வால்ஷம், ஆக்ஸ்னெட்

நார்த் வால்ஷம் தேவாலயத்தில் சர் வில்லியம் பேஸ்டனின் கல்லறை; களஞ்சியம் கட்டிய அதே வில்லியம். 1610-இல் இறந்தார், கல்லறையை அதற்கு முன்பே தயார் செய்துவிட்டார். 1606-இல் அவர் இங்கே நிறுவிய பள்ளியில்தான் பின்னாளில் கடற்படைத் தளபதி ஆன நெல்சன் சிறுவனாகப் படித்தான். மேலே வரிசையாகக் குலச்சின்னங்கள். இவர் காலத்தில் எல்லாம் முறைப்படி ஆகிவிட்டது. 1530 முதல் 1688 வரை அரச சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாக வந்து, யார் சின்னம் வைத்துக்கொள்ளத் தகுதியானவர் என்று விசாரித்து, குடும்பத் தலைவர் சொன்னதைக் கிளை கிளையாக வரைந்துகொண்டு போனார்கள். நார்ஃபோக்குக்கு 1563-இல் வந்தார்கள். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அந்த ஏடுகள் பெரிய உதவி. கடைசி மூன்று தலைமுறைக்கு நம்பலாம். அதற்கு மேலே போனால் வீட்டுக்காரர் என்ன நம்ப ஆசைப்பட்டார் என்பதுதான் பதிவாகியிருக்கும்.

ஆக்ஸ்னெட்டுக்கு மதியம் போய்ச் சேர்ந்தேன். ப்யூர் ஆற்றங்கரை. நீதிபதி வில்லியம் வாங்கி ஆக்னஸுக்கு எழுதிவைத்த இடம். கடற்படைத் தலைவர் கிளெமென்ட் பேஸ்டன் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே மாளிகை கட்டினார். இன்று ஒரு சிறகு மட்டும் மிச்சம், தனியார் வீடு. தேவாலயத்தில் அந்தக் கிளெமென்ட் கவசத்தோடு மல்லாந்து படுத்திருக்கிறார், மனைவி கால்மாட்டில் மண்டியிட்டபடி. கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் இவருக்கு வைத்திருக்கிறார்கள். அந்த உழவரைக் குடும்பம் முழுக்க மறந்துவிடவில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கிறது.

1663-ஐ ஒட்டி இந்த மாளிகையின் பொக்கிஷங்களை ஓர் ஓவியத்தில் வரைய வைத்தார்கள்: நாட்டிலஸ் சங்குக் கிண்ணங்கள், சிங்கி இறால், கிளி, குரங்கு, கறுப்பின இளைஞர் ஒருவர், பாட்டுப் புத்தகம் ஏந்திய சிறுமி. நார்விச் கோட்டை அருங்காட்சியகத்தின் சொத்து. அந்த இளைஞரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. பேஸ்டன்களின் தாள்கள் அத்தனை இருந்தும் அவர் யாரென்று சொல்ல ஒரு வரி இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

1679-இல் ராபர்ட் பேஸ்டன் யார்மத் பிரபு ஆனார். அவர் மகன் வில்லியம், இரண்டாம் சார்லஸ் அரசருக்கு முறைசாரா வழியில் பிறந்த சார்லட் ஃபிட்ஸ்ராயை மணந்தார். அதோடு உச்சம் முடிந்தது. கடன் மலையாக ஏறியது. மகன்கள் தந்தைக்கு முன்பே போனார்கள். 1732 கிறிஸ்துமஸ் நாளில் அவர் இறந்தபோது பட்டமும் போனது. நிலம் பிறகு உலகைச் சுற்றிவந்த கடற்படைத் தளபதி ஆன்சன் கைக்குப் போய், மாளிகையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது.

கடிதங்கள் தப்பியதைச் சொல்லாமல் இந்த ஊரைவிட்டுப் போக முடியாது. 1735-இல் நார்ஃபோக் வரலாற்றாசிரியர் பிரான்சிஸ் ப்ளோம்ஃபீல்ட் இங்கே பத்திர அறையில் பெட்டி பெட்டியாகப் பிரித்தார். நிலப் பத்திரங்கள் கடன்காரர்களுக்கும் வாரிசு உரிமைக்கும் வேண்டியவை. தனிப்பட்ட கடிதங்களை ஒரு மூலையில் குவித்து, பல மூட்டை இருக்கும், வரலாற்றுக்குப் பயன்படும் என்று எழுதிவைத்தார். அவை கைமாறிக் கைமாறி ஈஸ்ட் டெர்ஹமைச் சேர்ந்த ஜான் ஃபென்னிடம் வந்தன. 1787-இல் அவர் முதல் இரண்டு தொகுதிகளை அச்சிட்டார். யாருக்கு நிலம் போனது என்று சொல்லாத தாள்கள் என்பதால் மூலையில் ஒதுங்கியவை, இன்று அந்தக் குடும்பத்தைப் பற்றி நாம் அறிந்த எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

வியாழன், கேஸ்டர்

கிரேட் யார்மத்துக்குச் சற்று வடக்கே. அகழி, செங்கல் சுவர்கள், 27 மீட்டர் உயர வட்டக் கோபுரம். பிரான்சுப் போர்களில் பொருள் சேர்த்த சர் ஜான் ஃபாஸ்டல்ஃப் 1430-களில் கட்டத் தொடங்கிய கோட்டை. இப்போது வளாகத்தில் பழைய கார்களின் அருங்காட்சியகமும் இருக்கிறது.

பிள்ளையில்லாத ஃபாஸ்டல்ஃப் 1459 நவம்பரில் இறந்தார். இறப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, 4000 மார்க் (அக்காலப் பணக் கணக்கு) செலுத்தவேண்டும், கேஸ்டரில் வழிபாட்டுக்கு ஒரு மடம் அமைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு நார்ஃபோக், சஃபோக் நிலங்களையெல்லாம் ஜான் பேஸ்டனுக்கு வாய்மொழியாகக் கொடுத்தார் என்பது ஜானின் வாதம். மற்ற சிலர் ஏற்கவில்லை. வழக்கு ஜானின் ஆயுளையே விழுங்கியது. கடைசியில் ஃபாஸ்டல்ஃபின் சொத்தில் பெரும்பங்கு ஆக்ஸ்ஃபர்டின் மாட்லின் கல்லூரிக்குப் போனது; பேஸ்டன்களுக்குக் கேஸ்டர் மிஞ்சியது.

கோபுரத்தில் ஏறினேன். சுற்றிலும் தட்டை நிலம், தூரத்தில் கடல். 1469 ஆகஸ்டில் நார்ஃபோக் கோமகன் மௌப்ரே ஆயிரக்கணக்கான ஆட்களோடு இந்தச் சுவர்களைச் சூழ்ந்தார். உள்ளே மார்கரெட்டின் இரண்டாம் மகன் இளைய ஜான் பேஸ்டனும் முப்பது பேர்கூட இல்லாத துணைவர்களும். செப்டம்பரில் மார்கரெட் மூத்த மகனுக்கு எழுதினார்: உன் தம்பி பெரிய ஆபத்தில் இருக்கிறான், உணவில்லை, வெடிமருந்தும் அம்பும் தீர்ந்துவிட்டன, டாபெனி இறந்துவிட்டான். செப்டம்பர் கடைசியில் கோட்டை சரணடைந்தது. கோமகன் 1476-இல் திடீரென்று இறந்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

அதே செப்டம்பரில், ஓரிரு நாள் இடைவெளியில், மார்கரெட் இன்னொரு கடிதமும் எழுதியிருக்கிறார். அது மகள் மார்ஜரியைப் பற்றியது.

மார்ஜரி யாருக்கும் தெரியாமல் ரிச்சர்ட் காலேக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். குடும்பத்தின் நில மேலாளர் அவர். வாடகை வசூலித்தவர், கணக்கு எழுதியவர், மார்கரெட் சொல்லச் சொல்லப் பல கடிதங்களை எழுதிக்கொடுத்ததும் அவர் கைதான். சஃபோக்கில் ஃப்ராம்லிங்ஹம் ஊர்க் கடைக்காரக் குடும்பத்து ஆள். என் தங்கையை ஃப்ராம்லிங்ஹத்தில் மெழுகுவத்தியும் கடுகும் விற்க விடமாட்டேன் என்று எழுதினான் இளைய ஜான். அவனுடைய கொள்ளுத்தாத்தா விண்டர்டனில் தானியம் விற்றவர்.

அன்றைய திருச்சபைச் சட்டப்படி, 'உன்னை ஏற்கிறேன்' என்று இருவரும் நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால் அது திருமணம். பாதிரியோ சாட்சியோ தேவையில்லை. அதனால் நார்விச் பேராயர் மார்ஜரியைத் தனியாக அழைத்து என்ன சொற்களைச் சொன்னாய் என்று விசாரித்தார். அவள் சொன்னாள். அந்தச் சொற்கள் போதாவிட்டால் இங்கிருந்து போகும் முன் இன்னும் உறுதியாகச் சொல்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். பேராயரால் பிரிக்க முடியவில்லை. மார்கரெட் வீட்டுக் கதவைச் சாத்தினார்.

முற்றுகையில் இருந்த மகனுக்காகத் துடித்த அதே கை மகளுக்குக் கதவைச் சாத்தியது. இரண்டும் ஒரே அச்சத்திலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று வருஷம் முன்புதான் பண்ணையாள் பரம்பரை என்ற வசையை அரசர் வாயால் துடைத்திருந்தார்கள். அரசரின் முறைசாரா மகள் பின்னாளில் மருமகளாக வந்தபோது பெருமைப்பட்ட குடும்பம், கடைக்காரர் மகனை மருமகனாக ஏற்க அஞ்சியது. ஆனால் வேலையிலிருந்து காலேயை அவர்களால் விட முடியவில்லை. கணக்கு அவருக்குத்தான் தெரியும்.

வெள்ளி, மாட்பி

கேஸ்டருக்கு மேற்கே சில கிலோமீட்டர். வட்டக் கோபுரம் வைத்த தேவாலயம், சுற்றிலும் வயல். மார்கரெட் பிறந்த குடும்பத்தின் ஊர். மாட்பி குடும்பத்தின் ஒரே வாரிசாக அவர் கொண்டுவந்த நிலங்கள்தான் பேஸ்டன்களை நிமிர வைத்தன. 1484-இல் இறந்தபோது ப்ரோம்ஹோமில் கணவர் பக்கத்தில் அவர் படுக்கவில்லை. இங்கே, தன் முன்னோர் அருகே, தெற்குப் பக்க இடைகழியில் புதைக்கச் சொன்னார்.

1482-இல் எழுதிய உயிலில் கல்லறைக் கல் எப்படி இருக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்கிறார். நான்கு மூலையிலும் நான்கு சின்னங்கள்: பேஸ்டனும் மாட்பியும் சேர்ந்தது, மாட்பியும் ரீதம் ஊர் பெர்னிகளும் சேர்ந்தது, மாட்பியும் லவேன் பிரபுவும், மாட்பியும் சர் ரோஜர் பீச்சமும். நடுவே மாட்பி சின்னம் மட்டும் தனியாக. அதன் கீழே, 'கடவுளிடமே என் நம்பிக்கை.' கணவர் வீட்டுக்கு ஒரு மூலை. நடு இடம் பிறந்த வீட்டுக்கு. ஒரு பெண் தன் வம்சாவளியைத் தானே வரைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நான் பார்த்ததில்லை.

அந்த இடைகழி எப்போதோ இடிந்துவிட்டது. தெற்குச் சுவருக்கு வெளியே புல், கல் இல்லை. உள்ளே பழைய மாட்பி வீரர் ஒருவரின் கற்சிலை மட்டும் இருக்கிறது.

உயிலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து படித்தேன். எந்த வம்சாவளி அட்டவணையிலும் எளிதில் காணாத பெயர்கள் அதில் இருக்கின்றன. மணமாகாமல் இறந்த மூத்த மகனின் மகள் கான்ஸ்டன்ஸ்; அவளுக்கு 10 மார்க். பிறகு, தன் மகள் மார்ஜரியின் மகன் ஜான் காலேக்கு 20 பவுண்டு. அவன் வயதுக்கு வரும் முன் இறந்தால் தம்பிகள் வில்லியமுக்கும் ரிச்சர்டுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். மார்ஜரிக்கு ஒன்றும் இல்லை. அதற்குள் அவள் இறந்திருக்க வேண்டும். கதவைச் சாத்திப் பதின்மூன்று வருஷம் கழித்து, 'என் மகள்' என்ற சொல்லோடு அவள் பெயரை உயிலில் எழுதவைத்திருக்கிறார்.

பேஸ்டன் பட்டம் அழிந்த கதை பல புத்தகங்களில் இருக்கிறது. காலே பையன்கள் மூவரின் கதையைத்தான் இனிப் பார்க்க வேண்டும். 1482-இல் இவர்கள் சிறுவர்கள். தேவாலயப் பதிவேடுகள் தொடங்குவது 1538-இல். நடுவில் உள்ள ஐம்பத்தாறு வருஷத்தை உயில்களாலும் மேனர் சுருள்களாலும்தான் தாண்ட முடியும். நார்விச் பேராயர் நீதிமன்ற உயில்கள் மார்டினோ லேனிலேயே இருக்கின்றன. ஃப்ராம்லிங்ஹம் பக்கத்து உயில்கள் இப்ஸ்விச்சில். காலே என்ற பெயரை அந்தக் காலத்து எழுத்தர்கள் எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் இப்ஸ்விச்சில் தொடங்குகிறேன்.